சொன்ன பேச்சு கேட்காத கேம்

"பழைய கேம்ல எல்லாரும் நான் சொன்ன பேச்சைக் கேட்டாங்க. இந்தப் புது கேம்ல ஒருத்தன்கூடக் கேட்க மாட்டேங்குறான்."

வாயை விட்டு வார்த்தை போன பிறகுதான், பெண் பார்க்க வந்த இடத்தில் எதைப் பேசக் கூடாதோ அதைப் பேசிவிட்டது தேவகுமாருக்கு உறைத்தது. அவருக்கு வியர்த்த வியர்வையில் ஆயர் ஈத்தாம் அணை ஒரு சாண் ஏறியிருக்கும். முறையாக நடக்கிற பெண் பார்க்கும் சடங்கு. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் 'அவர்' என்று 'ர்' போட்டுச் சொல்வதுதான் மரியாதை.

காரில் வரும்போதே சிந்துஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "கம்ப்யூட்டர் கேம் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க. போன தடவை சிம்பாங் அம்பாட்ல பார்த்த பொண்ணு வீட்டுல அதனாலதான் வேணாம்னாங்க." இந்த இடமும் தட்டிப் போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று தேவகுமார் முடிவு செய்திருந்தார்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் பால்கனி அது. தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று இருவரையும் பிரம்பு நாற்காலிகளில் உட்கார வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இரண்டு வீட்டாரும், தாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக மழையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே இருந்த சந்திரிகா, உருளைக்கிழங்கு பொதிந்து பொரித்த கறிபாப் தட்டை நகர்த்தினார். "எடுங்க. கடையில வாங்கினதுதான், பயப்பட வேணாம். என்ன கேம் அது?"

இனி மறைத்துப் பயனில்லை. "குடும்பம் நடத்துற கேம்லா. திரையில ஒரு குட்டி ஊரு இருக்கும். நாமதான் வீடு கட்டணும், ஆளுங்களைக் குளிக்க வைக்கணும், சமைக்க வைக்கணும், வேலைக்கு அனுப்பணும்."

"அதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"கண்ணு எரிச்சல்தான். முதல் கேம் வந்ததுலேர்ந்து விடாம ஆடுறேன். இப்பப் புதுசு வந்திருக்கு. அது லோட் ஆகுறதுக்குள்ள நான் பாலிக் புலாவ் வரைக்கும் போயி டுரியான் பழம் வாங்கிட்டு வந்துட்டேன். தின்னு முடிச்சுக் கையும் கழுவிட்டேன், திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"அவ்வளவு மோசமா?"

"பார்க்க அழகுதான். பொய் சொல்லக் கூடாது. மழை பேஞ்சா கண்ணாடியில தண்ணி வழியுது. அழுதா மூக்கு சிவக்குது. பழசுல மூக்கே ஒழுங்கா இருக்காது."

"அப்புறம் என்ன குறை?"

"மதிப்பு இல்லலா. பழசுல இருக்குற பொண்ணு, சமைன்னா சமைப்பா. வீடு தீப்பிடிச்சாலும் அடுப்பை விட்டு நகர மாட்டா. புதுசுல சமைன்னா, 'மூட் இல்லை'ன்னு தலைக்கு மேல எழுதிக் காட்டிட்டுக் கடற்கரையில போயி உட்கார்ந்துக்குறா."

"கெட்டிக்காரி" என்றார் சந்திரிகா. "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"ரசம் வைப்பேன். சிந்துஜா அதைச் சாம்பார்னு சொல்லுவா."

சந்திரிகா சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். அது தேவகுமாருக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. தைரியம் வந்ததும் பெரிய குறையையே சொல்லிவிட்டார்.

"பழசுல ஒரு சுவிட்ச் இருந்துச்சு. அதைத் தட்டிவிட்டா யாருக்கும் வயசு ஏறாது, யாரும் சாக மாட்டாங்க. என் ஆளுங்க முதல் நாள் எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் இருக்காங்க. புதுசுல அந்த சுவிட்சையே எடுத்துட்டானுங்க. நான் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள ஒருத்தனுக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"அப்பப் பழசுக்கே திரும்பிப் போக வேண்டியதுதானே?"

"போனேன். ஒரு வாரம் தாக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"அங்க யாருக்கும் அவசரமே இல்ல. எதிர்வீட்டுக்காரிகிட்ட மனசுல உள்ளதைச் சொல்லணும்னு ஒருத்தன் நிக்கிறான். இத்தனை வருஷமா நின்னுக்கிட்டேதான் இருக்கான். புதுசுல அந்த நரைச்சவன், நான் சொல்லாமலே பூ வாங்கிக்கிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுறான்."

சந்திரிகா கிளாஸைக் கீழே வைத்தார். "அவ கதவைத் திறந்தாளா?"

"மணி அடிச்சான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிருச்சு."

"சேவ் பண்ணலயா?"

"இல்ல. திரும்பப் போட்டா ஆளு வீட்டுல படுத்திருக்கான். கையில பூவும் இல்ல."

சந்திரிகா காலி கிளாஸ்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். சிம்பாங் அம்பாட்டிலும் இப்படித்தான் அடுக்கினார்கள். போச்சு, காரில் சிந்துஜாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தேவகுமார் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு கேட்கணும்" என்றார் சந்திரிகா, தட்டைப் பார்த்தபடியே. "அந்தப் புது கேமை ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா?"

"ஆடலாம்." தேவகுமார் நிமிர்ந்து பார்த்தார். "அது ஒண்ணைத்தான் உருப்படியா செஞ்சிருக்கானுங்க."

பால்கனிக் கதவு சறுக்கித் திறந்தது. சிந்துஜா தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் கோகுலன், கழுத்தை நீட்டிக்கொண்டு.

"அப்பா, உள்ள எங்களுக்கு மழைப் பேச்சும் தீர்ந்துபோச்சு. பேசி முடிச்சாச்சா?" என்றாள் சிந்துஜா.

மாப்பிள்ளை அவசரமாக எழப் பார்த்தார். பிரம்பு நாற்காலி விடவில்லை.

"கோகுலா" என்று மகனைக் கூப்பிட்டார் மணப்பெண், "அவரைக் கை குடுத்துத் தூக்கிவிடு. அப்படியே உன் பிள்ளைங்களை வரச் சொல்லு, அவங்க புதுத் தாத்தாவைக் காட்டணும்."