நடைக்குத் தடை

"செருப்பைக் கழட்டுங்க. டாக்டர் போனில சொன்னதுக்கப்புறம் உங்களை வெளியே விட எனக்கென்ன பைத்தியமா?"

மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"ஒரு வாரமா சோபாவிலேயே உட்கார வச்சிருக்கியேடி. கால் மரத்துப் போச்சு," என்று முனகினார் எழுபத்தெட்டு வயதுக் கணவர்.

அழைப்பு மணி அடித்தது. டாக்டரே வந்திருந்தார். பெரியவரை நாலடி நடக்கச் சொன்னார். அவர் இரண்டாவது அடியிலேயே தள்ளாடி, டாக்டர் மேல் சாய்ந்தார்.

"இவரை நடக்கவே விடலையா? இப்படியே உட்கார்ந்திருந்தா சீக்கிரம் விழுந்துடுவாரும்மா!"

"நீங்கதானே சொன்னீங்க, இவர் நடத்தை சரியில்லைன்னு?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மேஜையில் கிடந்த காது மெஷினை எடுத்து அவளிடம் நீட்டினார். "நடைம்மா, நடை! நடை சரியில்லை, தினமும் பார்க்குல நடக்கட்டும்னு சொன்னேன்."

பெரியவர் அலறினார். "அடிப்பாவி! டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார்னு நீ மிரட்டினதாலதானே, பார்க்குல ஒரு அம்மாகிட்ட எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னதை ஒத்துக்கிட்டேன்!"

மனைவி காது மெஷினை மாட்டிக்கொண்டாள். செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

"கிளம்புங்க. நமக்குக் கல்யாணமான சேதியை அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வருவோம்."