ஒரே ரகக் கணினி

பள்ளிக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் இனி ஒரே ரகக் கணினி, ஒரே மெக்கானிக் என்று உத்தரவாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளை அதிகாரி லாரியில் ஏற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"சார், திங்கட்கிழமை பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை," என்று கெஞ்சினார் டீச்சர்.

"வேற ரகம் ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா. பக்கத்துப் பள்ளியில நேத்தே வேலையை முடிச்சாச்சு."

டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்போ பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போயிடறேன். புதுசுல எழுதட்டும்."

"புதுசா? எந்த ரகம்னு இன்னும் முடிவே பண்ணலையே!"

வெட்கம் மருந்துக்கும் இல்லாமல், காலி அறையைப் பெருமையாகப் பார்த்தார் அதிகாரி.

"ஆனா பாருங்க, இப்போ எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு!"