ரியாத் எவ்வளவு தூரம்

“பிளேன்ல ரியாத்துக்கு எத்தன மணி நேரம், அங்கம்மா?” பக்கத்து வீட்டுப் புஷ்பம் கேட்டாள்.

“அஞ்சு மணி நேரம். நாலாயிரம் கிலோமீட்டராம்.” பயணப் பையின் சிப்பை இழுத்துப் பூட்டியபடியே சொன்னாள் அங்கம்மா.

“இதெல்லாம் ஒரு தூரமா?” என்றாள் மாமியார் பேச்சியம்மா. “ஹேவாஹெட்டயில இருந்து கட்டுநாயக்க ஏர்போட்டுக்கே வேன்ல நாலு மணி நேரம். அதோட ஒண்ணு கூட, அம்புட்டுத்தான்.”

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வெளிநாடு என்றால் அது பெண்கள் போகிற இடம். அங்கம்மாவும் எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போய், இரண்டு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள்தான்.

இனி மகளை விட்டுப் போவதில்லை என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். பேச்சியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர் பாதியில் நிற்கிறது, கூரை ஒழுகுகிறது என்று தினமும் நச்சரித்தாள்.

கடைசியில் ஒருநாள் அங்கம்மா, “சரி அத்த, ஏஜென்சிக்காரர வரச் சொல்லுங்க” என்றாள். பாஸ்போட், மருத்துவச் சோதனை என்று அவளும் புருஷன் மூக்கையாவும் சேர்ந்தே கொழும்புக்குப் போய் வந்தார்கள்.

வாசல் கம்பியில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஈரமாகத் தொங்கியது.

“போற அன்னிக்கு இதப் போயி எதுக்குத் தொவச்ச?” என்றாள் பேச்சியம்மா.

“அழுக்கா இருந்துச்சி.”

“சவூதிக்காரன் வந்து கட்டப் போறானாக்கும்.” புஷ்பம் சிரித்தாள். அங்கம்மா சிரிக்கவில்லை. மடியில் ஏறிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. ஏஜென்சிக்காரர் ராஜலிங்கம் இறங்கிக் கதவைத் திறந்தார்.

“புள்ளய இங்க குடு. அழப்போகுது” என்று பேச்சியம்மா கையை நீட்டினாள்.

அங்கம்மா குழந்தையைக் கொடுக்கவில்லை. பையைத் தூக்கி மூக்கையாவின் கையில் கொடுத்தாள். “காது அடைச்சா மிட்டாய் சப்புங்க. சைட் பையில வச்சிருக்கேன்.”

“இவன் எதுக்கு? ஏர்போட் வரைக்குமா?”

“விசா மூக்கையா பேர்லதானம்மா வந்திருக்கு” என்றார் ராஜலிங்கம்.

பேச்சியம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“அடி பாவி, அம்புட்டு தூரம்டி. கடலுக்கு அந்தப் பக்கம். மொழி தெரியாத ஊருல எம்புள்ள ரெண்டு வருசம் எப்பிடி இருக்கும்?”

“நான் இருந்தேன்ல.”

மூக்கையா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு, வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான்.