நொத்தார்பார்த்தோலோ வீதி மரம்

அம்மா கடதாசியை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் ஒட்டுகிற செலோரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

அடிமரம் முழுக்கக் கடதாசிகள். காய்ந்த பூக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கீறிய படங்கள், மழையில் மை கரைந்துபோன கடிதங்கள்.

குண்டுவைத்துக் கொல்லப்பட்ட ஒரு நீதவானின் வீட்டு வாசல் மரம் இது. அம்மா வீட்டுவேலை செய்கிற இத்தாலியச் சின்யோறாவின் வீடு இரண்டு கட்டடம் தள்ளி. போகவர ஆட்கள் இங்கே நின்று சிலுவை அடையாளம் போடுவதை அவ பார்த்திருக்கிறா.

மடுமாதாவிடம் போல இங்கேயும் நேர்த்தி வைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டா.

"அம்மா, நேர்த்தி வைக்கிறதுக்கு இவர் அர்ச்சியசிட்டர் இல்லை. நீதவான்."

"நீதவான் எண்டா? உவ்வளவு சனமும் விசரிலேயே ஒட்டுது? வடிவா அமத்தி ஒட்டு."

கடிதத்தை நேற்று அறையில் வைத்து எழுதினேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருசம். ஆனாலும் இத்தாலியன் எழுத வரும். அம்மா கட்டிலில் இருந்து சொல்லிக்கொண்டே போனா. என்ரை மகன் ஸ்ரான்லி. பேசாலையில வள்ளம் ஏறினவன். இந்தியாவில எந்த அகதிக் காம்பில எண்டு தெரியேல்லை. எட்டு மாசமாய்க் கடிதம் இல்லை. அவனை என்னட்டைக் கொண்டுவந்து சேர்.

நான் தலையாட்டி ஆட்டி எழுதினேன்.

போன ஞாயிறு மரித்தோர் பூசை. எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்த பெயர்களைச் சுவாமி ஒவ்வொன்றாக வாசித்தார். என் கைக்குள்ளும் ஒரு துண்டு இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தா. பூசை முடியும்வரை அது கைக்குள்ளேயே நனைந்தது.

அம்மா இப்போது கடதாசியை உற்றுப் பார்த்தா. அதில் அவவுக்கு வாசிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும்தான், பஸ் இலக்கம் பார்த்துப் பழகியது.

"பிறந்த திகதி போடச் சொன்னனான். எண்ணைக் காணேல்லை?"

"எழுத்தில எழுதியிருக்கிறன். இஞ்சை அப்பிடித்தான்."

"ஓம், ஓம். உனக்குத்தானே தெரியும்."

மரக்கறிப் பையோடு வந்த ஒரு கிழவர் எங்களுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எங்கள் கடதாசியை வாசித்தார்.

பிறகு தொப்பியைக் கழற்றினார்.

பையை நிலத்தில் வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். தலையைக் குனிந்து வாய்க்குள் செபம் சொன்னார்.

அவர் போனதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு மாதத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

"பாத்தியே பிள்ளை? ஆரெண்டே தெரியாத மனுசன். அதுகும் எங்கடை ஸ்ரான்லிக்காக மன்றாடுது."

அம்மா விரல்களை முத்தமிட்டு, அந்த விரல்களால் கடதாசியைத் தொட்டா.

அதில் அம்மா சொன்ன ஒரு சொல்லும் இல்லை. அண்ணாவின் பெயரும் இரண்டு திகதிகளும் மட்டும்தான்.

முதலாவது, அவன் பிறந்த நாள்.

இரண்டாவது, பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து வந்த இராயப்பு மாமா, "கொம்மாவுக்கு நீயே சொல்லு பிள்ளை" என்று என் கையில் தந்த கடிதத்தில் இருந்த நாள்.