பதினோரு மணிச் சைரன்

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு சைரன் அடிக்கும். டெஸ்டிங் மட்டும்தான். யாரும் பயப்பட வேண்டாம், ஓட வேண்டாம்."

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் இதையே சொல்லிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் மூன்றாவது தடவையாகப் போனது. ஆட்டோவை ஏற்பாடு செய்தவர் ஜெகநாதன். நகராட்சி போட்ட நிபந்தனைகளில் அதுவும் ஒன்று.

மணி பதினொன்று இருபது. சைரன் அடிக்கவில்லை.

ஜெகநாதன் தீவின் பெரிய கடைத்தெருவான அபர்டீன் பஜாரில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். பதினைந்து வருடமாக நகராட்சிக்கு டியூப் லைட்டும் ஒயரும் சப்ளை செய்கிறவர். சுனாமி எச்சரிக்கை சைரனுக்கு டெண்டர் வந்தபோது, அதெல்லாம் மெயின்லேண்ட் கம்பெனிக்காரர்கள் பார்க்கிற வேலை என்று ஒதுங்கத்தான் நினைத்தார்.

மனைவி ரூபா விடவில்லை. அவள் தெற்குத் தீவிலுள்ள ஹட் பேயில் பிறந்தவள். 2004-இல் அலை அவளுடைய இரண்டு தம்பிகளைக் கொண்டுபோனபோது, முன்கூட்டி ஒரு குரல் கொடுக்க அங்கே ஆளில்லை. "நாமளே போடுவோங்க" என்று அவள்தான் டெண்டர் படிவங்களை நிரப்பினாள்.

டெண்டர் விதிப்படி, சைரனைக் கரையில் பொருத்தி நகராட்சிக் குழுவின் முன்னால் அடித்துக் காட்ட வேண்டும். அடிக்காவிட்டால் விலை எழுதிய கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். சென்னைக் கம்பெனியின் சைரன் நேற்றுச் சொன்ன நிமிடத்தில் அடித்துவிட்டது.

"என்ன ஜெகநாதன், கடைச்சரக்கு புத்தி போகலையா? இதுவும் டியூப் லைட் மாதிரி லேட்டாத்தான் எரியுமா?" என்றார் இன்ஜினியர் தேவேந்திரன். குழுவுக்கு அவர்தான் தலைவர். ஜீப்பின் கதவில் சாய்ந்தபடி பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம் சார். உப்புக் காத்துல எங்கயோ துரு ஏறியிருக்கு. வீட்டம்மா மேல போய்ப் பாக்குறாங்க."

சைரனை இயக்கும் பெட்டி, சாலையின் மறுகோடியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. ரூபா அங்கேதான் இருந்தாள். ஜெகநாதன் போன் போட்டார்.

"சுவிட்சுதாங்க போயிருக்கு" என்றாள் ரூபா. "கழட்டிட்டு வேற மாட்டுறேன். அவங்களை மட்டும் போக விட்டுடாதீங்க."

குழுவில் இருந்த உமா மகேஸ்வரி குடையைச் சாய்த்துப் பிடித்து ஜெகநாதனைப் பார்த்தார். "நெஜமாவே அலை வந்தா, அப்பவும் உங்க வீட்டம்மா மாடி ஏறி சுவிட்ச் மாட்டிட்டு இருப்பாங்களா?"

"இல்ல மேடம், அது வேற லைன். சுனாமி எச்சரிக்கை மையத்துலேருந்து சிக்னல் வந்தா அதுவா அடிக்கும். நேத்தே கனெக்ஷன் குடுத்தாச்சு." அவர் கிடங்கின் மாடியைக் கைகாட்டினார். "டெஸ்டுக்கு மட்டும்தான் சுவிட்ச். முப்பது செகண்ட் அடிச்சுட்டு நின்னுடும்."

"முதல்ல அடிக்கட்டும், அப்புறம் நிக்கிறதைப் பாக்கலாம்" என்றார் தேவேந்திரன்.

காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஜெகநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி போன் போட்டார். மணி போகவே இல்லை. மூன்று முறை முயன்று பார்த்தார்.

மணி பதினொன்று நாற்பதானது. தேவேந்திரன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, படிவத்தை மடிமேல் வைத்தார். 'தகுதியில்லை' என்ற கட்டத்தை நோக்கிப் பேனா இறங்கியது.

"சார், இதுக்காக ஆறு மாசம் அலைஞ்சிருக்கோம் சார்" என்றார் ஜெகநாதன். குரல் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"அதுக்கு நான் என்ன செய்ய? நாளைக்கு இது அடிக்காம நாலு பேர் செத்தா, என்னைத்தான கேப்பாங்க?"

அப்போதுதான் அடித்தது.

மெல்ல எழும்பி, ஊரெல்லாம் நிறைந்து நின்றது அந்தச் சத்தம். மின்கம்பங்களிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. ஜெகநாதன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கடல் சுவரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி காகிதத் தட்டுகளில் குனிந்தார்கள். படித்துறையில் குழந்தையின் காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, சிரித்தபடி அதன் காதுகளைப் பொத்தினாள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், என்ன டிசிப்ளின்" என்று தேவேந்திரன் உரக்கச் சொன்னார். "ஆட்டோ விட்டது வீண் போகலை." பேனா 'தகுதி' என்ற கட்டத்துக்கு நகர்ந்து கையெழுத்திட்டது. "டீக் ஹை ஜெகநாதன். பாஸ்."

ஜெகநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சத்தம் ரூபாவின் தம்பிகளுக்கே கேட்கும் என்று தோன்றியது அவருக்கு.

உமா மகேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. முப்பது செகண்ட்னுதானே சொன்னீங்க?"

"புது சுவிட்சு மேடம், டைமிங் மாறியிருக்கும். இதோ நிறுத்தச் சொல்றேன்."

இந்தத் தடவை முதல் மணியிலேயே ரூபா எடுத்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக அவர் கத்தினார். "ஜெயிச்சுட்டோம் ரூபா. கையெழுத்தே போட்டாச்சு. போதும், நிறுத்திடு."

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு ரூபா சொன்னாள்:

"என்னங்க... சுவிட்ச் இன்னும் என் கையிலதாங்க இருக்கு."