சரியாக எண்ணும் பட்டை

"எத்தனை அடி நடந்தோம்னு எண்ணுற பட்டை வேணும். சரியா எண்ணுதான்னு பார்த்துத்தான் வாங்கணும். அம்மா விஷயம்," என்றாள் அந்தப் பெண்.

கடைக்காரர் நான்கு கைப்பட்டைகளை எடுத்து வைத்தார். அவள் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டாள். ஓரத்தில் நின்ற சரக்கு வண்டியை இறுகப் பிடித்துத் தள்ளியபடி, கடைக்குள்ளேயே நூறு அடி நடந்தாள்.

"அம்மா இளைக்கணுமா மேடம்? எங்க வீட்டம்மாவும் ஒண்ணு கேட்டு வாங்கி, நாய் கழுத்துல கட்டிட்டாங்க. நாய்தான் இளைச்சுது."

அவள் சிரிக்காமல் கைகளை நீட்டினாள். மூன்று பட்டைகள் எண்பதைத் தாண்டியிருந்தன. கறுப்புப் பட்டையில் வெறும் ஏழு.

"கையை வீசி நடக்கலைன்னா இது எண்ணாது மேடம். இதை விட்டுடுங்க."

"இதையே குடுங்க."

"தப்பா எண்ணுதுங்கறேன்..."

"கிடங்குல எங்கம்மா கையில இதைத்தான் கட்டிவிட்டாங்க. நாள் பூரா வண்டி தள்ளி, தள்ளின இடத்துலயே விழுந்து செத்தாங்க. அன்னிக்கு இருநூறு அடிதான் நடந்திருக்காங்க, வேலையால சாகலன்னு மேனேஜர் எழுதிட்டார். நாளைக்கு விசாரணை."

கடைக்காரர் கறுப்புப் பட்டையைப் பெட்டியில் வைத்தார்.

"பெரிய வார் போட்டுக் குடுங்க," என்றாள். "மேனேஜருக்குக் கை தடிமன். நாளைக்கு வண்டியை அவர்தான் தள்ளணும்."