ஓசி நிலா

"இது வாட்ச் இல்ல முத்துக்குமரன். ஆகாசம்" என்று குருபிரசாத் மணிக்கட்டை நீட்டினார்.

நீலத் தட்டு. அதில் கடுகு கடுகாக நட்சத்திரங்கள். கீழே சின்ன ஜன்னல் ஒன்று. ஜன்னலுக்குள் தங்க நிலா, வலது ஓரம் லேசாகத் தேய்ந்து.

"நிஜ நிலா எப்படித் தேயறதோ, அப்படியே இதுவும் தேயும். நாலு தலைமுறைக்குத் தப்பே வராது."

"அம்புட்டு நாள் நீங்க இருப்பீங்களாண்ணே?"

குருபிரசாத் அதைக் காதில் வாங்கவில்லை.

"விலை எம்புட்டு?"

சொன்னார். சோபாவில் சாய்ந்திருந்த முத்துக்குமரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கொட்டாம்பட்டிப் பக்கம் ரெண்டு ஏக்கர் தோட்டத்தைக் கையில கட்டியிருக்கீங்கண்ணே!"

"விலையை விடு. இந்தக் காலத்துல யாரு அண்ணாந்து வானத்தைப் பாக்கறா, சொல்லு? எல்லாரும் குனிஞ்சு போனைப் பாக்கறா. மனுஷாளுக்கும் நிலாவுக்கும் இருந்த ஒட்டே விட்டுப்போச்சு. அந்த வேதனையிலதான் இதை வாங்கினேன்."

வேதனைக்கு இன்ஷூரன்ஸும் போட்டிருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. குருபிரசாத்தின் மனைவி பிருந்தா வாசல் கேமராவை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"வந்தாச்சு. மாசம் தவறாம வந்துடறா."

"யாருக்கா?"

"பின்வீட்டு ஸ்யாமளா மாமி. சங்கடஹர சதுர்த்தி விரதம். நிலாவைக் கண்ணால பாத்தாத்தான் சாப்பிடுவா. அதுக்கு எங்க மொட்டைமாடி வேணும்."

"ஓசியில நிலாவா!" முத்துக்குமரன் சிரித்தான். அவன் ஊரான விளாங்குடியில் ஓசிக்கு மோர் கேட்பவர்களை அவனுக்குத் தெரியும். நிலா கேட்டு வந்தவரை இப்போதுதான் பார்க்கிறான்.

மாமி உள்ளே வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம்.

"அஞ்சே நிமிஷம் பிரசாத். கும்பிட்டுட்டு இறங்கிடறேன். கண்ணை இருட்டிண்டு வரது."

"லிஃப்ட் ரிப்பேர் மாமி" என்றாள் பிருந்தா.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. வேலைக்காரம்மா, வீட்டு நாயைச் சங்கிலியில் பிடித்தபடி இறங்கினார்.

நாய் மாமியைப் பார்த்து வாலாட்டியது.

குருபிரசாத்துக்கு ஒரு யோசனை உதித்தது. கையை மாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எதுக்கு மாமி இவ்வளவு சிரமம்? இதோ பாருங்கோ, இன்னிய நிலா. அச்சு அசல். கும்பிட்டுட்டு ஆத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கோ."

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா நிலாவைப் பாத்து தண்ணி விடணுமே. இது மேல விடலாமா?"

சொம்பு சாய்ந்தது. குருபிரசாத் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ! தோல் பட்டை மாமி! முதலைத் தோல்!"

விரதக்காரி அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"பிருந்தா, சாவியைக் கொடுத்துடு. ஏறிட்டு வரட்டும்" என்றார் குருபிரசாத், வாட்சைக் கைக்குட்டையால் துடைத்தபடி. பிறகு முத்துக்குமரன் பக்கம் குனிந்து, "பாவம், பழைய காலத்து மனுஷி. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார்.

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு."

பிருந்தா சாவியைக் கொடுத்தாள். லிஃப்டைப் பற்றி மறுபடியும் பேச்சு வரவில்லை. மாமி படிப்பக்கம் நடந்தார்.

முத்துக்குமரனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்ச் சொம்பை வாங்கிக்கொண்டான்.

"ஏம்மா, வெறும் வயித்தோட இம்புட்டுப் படி ஏறணுமா? உங்க வீட்டுலருந்தே பாத்துக்கிறக் கூடாதா?"

மாமி கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தார்.

"எங்காத்து வாசல்ல நின்னாலே நன்னாத் தெரிஞ்சுண்டிருந்ததுப்பா, பிரசாத் இந்த மூணாவது மாடியை எழுப்பற வரைக்கும்."